அக்குபஞ்சர் ஊசி வலிக்குமா? ஒரு தையல்காரியின் பதில்

23 வருஷமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். ஊசி குத்தாத விரல் எனக்குக் கிடையாது. ஒருமுறை மெஷின் ஊசி ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, நானே விரலை விடுவித்துக்கொண்டேன். அப்படிப்பட்டவள், வலது தோள்பட்டைக்கு அக்குபஞ்சர் பார்க்கலாம் என்று முடிவானதும் ஒரு வாரம் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். வேலையில் தெரியாமல் குத்திக்கொள்ளும் ஊசி வேறு; படுத்துக்கொண்டு, இதோ குத்தப்போகிறார் என்று காத்திருக்கும் ஊசி வேறு.

போய் வந்ததிலிருந்து எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: வலிக்குமா? வலிக்காது என்றால் பொய். வலிக்கும் என்றால் அதுவும் சரியில்லை. கேட்பவர்கள் மனதில் இருப்பது தோலில் ஏறும் அந்த ஒரு 'சுருக்'. அது அரை நொடி சமாசாரம். அதற்கப்புறம் சதைக்குள் ஒன்று வரும், அதற்கு வலி என்று பெயர் வைப்பதா வேண்டாமா என்றே எனக்கு முதலில் தெரியவில்லை. எது வரலாம், எது வந்தால் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஊசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

ஊசி என்றதும் நம் கண்முன் வருவது ரத்தம் எடுக்கும் ஊசி. அதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் 21 கேஜ் ஊசியின் தடிமன் சுமார் 0.8 மில்லிமீட்டர். நான் நடுத்தரத் துணிக்குப் போடும் 12ஆம் நம்பர் மெஷின் ஊசியும் அதே தடிமன்தான். அதன் தலைப்பக்கத்தில் 80 என்று பொறித்திருக்கும், 0.80 மி.மீ. என்று அர்த்தம். அக்குபஞ்சர் ஊசி பெரும்பாலும் 0.20 முதல் 0.30 மி.மீ.க்குள் அடங்கிவிடும். முகத்துக்கு இன்னும் மெல்லியது, 0.16கூட உண்டு. இரண்டு மூன்று தலைமுடியைச் சேர்த்து முறுக்கினால் என்ன தடிமன் வருமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. விரலால் தள்ளினால் வளைந்துகொடுக்கும்.

தடிமனை விட முனைதான் எனக்கு ஆச்சரியம். தைப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். தோல் பை தைக்கிற ஊசிக்கு முனை கத்தி மாதிரி இருக்கும், அறுத்துக்கொண்டே இறங்கும். பனியன் துணிக்கு அந்த ஊசியைப் போட்டால் துணி ஓட்டை ஓட்டையாகிவிடும். அதற்கென்று முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி இருக்கிறது, அது இழையை அறுக்காமல் ஒதுக்கிவிட்டு இடுக்கில் நுழையும். மருந்து ஏற்றும் ஊசி முதல் ரகம்: உள்ளே குழல், சாய்வாகச் சீவிய வெட்டுமுனை. அக்குபஞ்சர் ஊசி இரண்டாவது ரகத்துக்குப் பக்கம். உள்ளே துவாரமே இல்லாத கெட்டிக் கம்பி. முனை கூர்தான், ஆனால் வெட்டுவாய் கிடையாது. அதன் வழியாக மருந்தும் போவதில்லை. மருந்து ஊசியில் வலியின் ஒரு பங்கு அந்த மருந்து உள்ளே சதையைப் பிரித்துக்கொண்டு பரவுவதால் வருவது. இங்கே அந்தப் பங்கு இல்லை.

ஊசி ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுவதாக, கிருமி நீக்கி, ஒட்டிய உறைக்குள் இருக்க வேண்டும். உங்கள் கண்முன்னே உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். கேட்டதற்கு முகம் சுளிக்கிறவரிடம் படுக்காதீர்கள்.

வெறும் வயிற்றோடு போய் நான் பட்டது

முதல் நாள் பயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படியே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலியிலேயே வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதைமேட்டில் முதல் ஊசி. குத்தியது பெரிதாகத் தெரியவில்லை. பத்து எண்ணுவதற்குள் காதுக்குள் ஙொய் என்று ஒரு சத்தம், உதடு சில்லிட்டுப் போயிற்று, நெற்றியில் வியர்வை, எதிரே சுவரில் இருந்த படம் தூரமாக நகர்ந்தது. "தலை சுத்துது" என்று சொன்னது ஞாபகம். அடுத்து நான் படுக்கையில், கால் இரண்டும் தலையணை மேல். ஊசியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சட்டென்று இறங்குவதால் வரும் மயக்கம் அது. பயம், பசி, களைப்பு மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் வரலாம். ஆளைப் படுக்க வைத்து ஊசிகளை எடுத்தாலே பெரும்பாலும் சில நிமிஷத்தில் சரியாகிவிடும். ஆனால் நாற்காலியிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டால் அது வேறு கதை. அதனால் முதல்முறை போகும்போது இரண்டு விஷயம் கட்டாயம். போவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் அளவாக எதையாவது சாப்பிட்டிருங்கள்; படுத்த நிலையில்தான் போட்டுக்கொள்வேன் என்று சொல்லிவிடுங்கள். முன்பு எப்போதாவது ஊசிக்கோ ரத்தத்துக்கோ மயங்கியிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

ஊசியைப் பார்த்தாலே மயங்குகிறவர்களுக்கென்று ஒரு பயிற்சி உண்டு. கை, கால், வயிறு எல்லாவற்றையும் 10, 15 நொடி இறுக்கிப் பிடிக்க வேண்டும், முகத்தில் சூடு ஏறுகிற வரைக்கும். பிறகு அரை நிமிஷம் சாதாரணமாக விட வேண்டும். இப்படி ஐந்து தடவை. இது ரத்த அழுத்தத்தை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது தடவை இதைச் செய்துவிட்டுத்தான் படுத்தேன். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், இதை ஊசி ஏறுவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஏறியபிறகு அந்தக் கையையோ காலையோ இறுக்கினால் ஊசி வளையும், வலிக்கவும் செய்யும்.

உடுப்பு: முழங்கைக்கு மேலேயும் முழங்காலுக்கு மேலேயும் சுருட்ட முடிகிற மாதிரி தளர்வாக. (இறுக்கமாகத் தைத்துக் கொடு என்று கேட்டு வாங்கியதைப் போட்டுக்கொண்டு போய் என்னைத் திட்டாதீர்கள்.) கழிவறைக்குப் போய்விட்டுப் படுங்கள், அரை மணி நேரம் எழ முடியாது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

குழாய், தட்டு, சுருக்

நிறையப் பேர் ஊசியை நேராகக் குத்துவதில்லை. ஒரு சின்னக் குழாய்க்குள் ஊசியைப் போட்டு, குழாயைத் தோலில் அழுத்தி வைத்து, மேலே துருத்திக்கொண்டிருக்கும் கொஞ்சூண்டு பிடியை விரலால் ஒரு தட்டு. அவ்வளவுதான், ஊசி தோலைத் தாண்டிவிடும். அப்புறம் குழாயை உருவிவிட்டு ஊசியை விரலால் உள்ளே இறக்குவார்கள். இந்தக் குழாய் முறைக்குப் பெயர் போனவர் 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் இருந்த சுகியாமா வாஇச்சி. அவர் பார்வையற்றவர். கண் தெரியாமல் ஊசியை நேராக நிறுத்தக் கண்டுபிடித்த வழி, பார்வையுள்ளவர்களுக்கும் வலி குறைந்த வழியாக ஆகிவிட்டது.

வலி குறைவதற்குக் காரணம் இருக்கிறது. குழாயின் விளிம்பு தோலை வட்டமாக அழுத்துகிறது. காலை எங்காவது இடித்துக்கொண்டால் உடனே கை போய் அந்த இடத்தைத் தேய்க்கிறதே, அதே வேலைதான். தொடுதல், அழுத்தம் பற்றிய செய்தி தண்டுவடத்தில் வலிச் செய்தியை நெருக்கித் தள்ளிவிடுகிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் இதைக் 'கதவுக் கோட்பாடு' என்று விளக்கினார்கள்.

எறும்பு கடித்தாற்போல, கொசு கடித்தாற்போல என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. கொசுக்கடி அரிக்கும், எறும்புக்கடி எரியும், இது இரண்டுமில்லை. முழங்கை முடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். அந்தச் 'சுருக்', அது வந்து போகிற வேகம், அப்புறம் அந்த இடத்தில் ஒன்றுமே மிச்சமில்லாமல் போவது, எல்லாம் அச்சாக அதுதான். பத்து ஊசியில் மூன்று நான்கு எனக்குத் தெரியவே தெரியாது, தட்டின சத்தம் மட்டும் கேட்கும்.

மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்காதீர்கள். மெதுவாக வெளியே விடுங்கள், விடும்போது தட்டச் சொல்லுங்கள். சிலர் இருமச் சொல்லி, இருமும் நேரத்தில் தட்டுவார்கள். அதுவும் நல்ல யோசனை. பார்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் சுபாவம். எனக்குப் பார்த்தால்தான் நிம்மதி, தையல்காரி புத்தி.

'சுருக்' இரண்டு மூன்று நொடியில் அடங்கவில்லை என்றால் ஏதோ சரியில்லை. தோலில் தடவிய ஸ்பிரிட் காயாமலே குத்தியிருந்தால் 'சுரீர்' என்று எரியும். மயிர்க்கால், சின்ன ரத்தக்குழாய், தோலின் நரம்பு முனை இவற்றில் எதையாவது ஊசி தொட்டிருந்தாலும் கூரிய வலி நிற்காது. சொன்னால் கொஞ்சம் மேலே இழுத்துத் திசையை மாற்றுவார், அல்லது எடுத்துவிட்டுப் பக்கத்தில் போடுவார். பொறுத்துக்கொண்டால் பலன் அதிகம் என்று எதுவும் கிடையாது.

இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. முதுகு, தொடை, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் எல்லாம் சாது. விரல் நுனி, உள்ளங்கை, உள்ளங்கால், கால்விரல் இடுக்கு இவையெல்லாம் நரம்பு முனைகள் நெருங்கிக் கிடக்கும் இடங்கள், நிச்சயம் சுருக்கென்று தெரியும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே போட்டால் கண்ணில் தானாக நீர் வந்துவிடும். காதில் போட்டால் காது சூடாகிச் சிவக்கும். உச்சந்தலையில், நம்ப மாட்டீர்கள், எனக்கு ஒன்றுமே இல்லை.

"வலிக்குதுன்னா எப்படி வலிக்குது?"

மூன்றாவது தடவை, முழங்கால் சில்லுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, கால் எலும்பின் வெளிப்பக்கம் ஓர் ஊசி. தோலைத் தாண்டியது தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கி, பிடியை விரலிடுக்கில் வைத்து இப்படியும் அப்படியும் லேசாகத் திருகினார்.

"என்னம்மா தெரியுது?"

"வலிக்குதுங்க."

"வலிக்குதுன்னா எப்படி? சுருக்குன்னா, கடுக்குதா, மதமதன்னு இருக்கா?"

அந்தக் கேள்விதான் எனக்குப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு கவனித்தேன். சுருக்கென்று இல்லை. ஊசி இருக்கும் இடத்திலேயேகூட இல்லை, அதற்குக் கீழே ஆழத்தில். யாரோ சதைக்கு உள்ளேயிருந்து கட்டைவிரலால் வெளியே தள்ளுகிற மாதிரி ஒரு விம்மல். அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. துணியின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டால் ஈரம் மெல்ல ஏறுமே, அந்த வேகத்தில் கணுக்காலை நோக்கி இறங்கிற்று. கால் கனத்தது. நாள் முழுக்க பெடல் மிதித்த ராத்திரிகளில் கெண்டைக்காலில் ஒரு கடுப்பு இருக்கும், அதற்குச் சொந்தக்காரன் போல. ஆனால் அந்தக் கடுப்பு தொந்தரவு. இது, எப்படிச் சொல்வது, வலிக்கிற இடத்தைச் சரியாகப் பிடித்து அமுக்கும்போது 'ஆ, அங்கேதான்' என்று வாய்விட்டுச் சொல்வோமே, அந்த வகை. திருகுவதை நிறுத்தியதும் அரை நிமிஷத்தில் பாதியாகக் குறைந்துவிட்டது.

சீனர்கள் இதற்குத் 'தே சி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊசிக்கு 'சி', அதாவது உயிர்ச்சக்தி, வந்து சேர்ந்தது என்று பொருள். அதன் அடையாளமாக அவர்கள் சொல்லும் நாலு சொற்கள்: சுவான், மா, சாங், சோங். சுவான் என்றால் நேர்ப்பொருள் புளிப்பு. வேலை செய்து களைத்த தசையில் வரும் கடுப்பையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். மா என்பது மதமதப்பு, மரத்துப்போவது. சாங் விம்மல், சோங் கனம். நாலில் மூன்று அன்றைக்கு எனக்கு வந்தது. உயிர்ச்சக்தியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம், இந்த உணர்ச்சி வருவதற்கு அந்த நம்பிக்கை தேவையில்லை. தசையில் இருக்கும் மெல்லிய, மெதுவாகச் செய்தி கடத்தும் நரம்பிழைகள்தான் இப்படி மந்தமாக, பரவலாக, இடம் குறிப்பிட முடியாமல் உணர வைக்கின்றன.

போடுகிறவர் விரலுக்கும் அப்போது ஒன்று தெரியுமாம். தூண்டிலில் மீன் கடித்தது போல ஊசி உள்ளே பிடிபடும் என்பது பழைய சீன உவமை. அமெரிக்காவில் ஹெலீன் லாங்கெவின் என்ற ஆராய்ச்சியாளர் இதை அளந்தே பார்த்தார். ஊசியைத் திருகும்போது தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள இணைப்புத் திசுவின் இழைகள் ஊசியில் சுற்றிக்கொள்கின்றன, அதனால்தான் உருவுவதற்குக் கூடுதல் இழுப்பு தேவைப்படுகிறது என்று காட்டினார். படித்ததும் சிரித்துவிட்டேன். பாபினில் நூல் சுற்றிக்கொண்டு மெஷின் இறுகுகிற கதைதானே இது, தினமும் பார்க்கிறேன்.

ஆக, போடுகிறவர் கேட்கும்போது 'வலி' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். நம் பாஷையில் இதற்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கடுப்பு, விம்மல், கனம், மதமதப்பு, இழுப்பு, ஊர்வது போல, கதகதப்பு என்றால் சரி, இருக்கட்டும் என்று அவர் விடுவார். சுருக், சுரீர், குத்தல், எரிச்சல் என்றால் ஊசியை மாற்றுவார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 2007இல் இதற்கென்றே ஓர் அளவுகோல் போட்டார்கள். அதிலும் கனத்துக்குத் தனி, மரப்புக்குத் தனி, மந்த வலிக்குத் தனி, கூரிய வலிக்குத் தனி என்று பூஜ்ஜியம் முதல் பத்து வரை மதிப்பெண் போட வேண்டும்.

இது வரவில்லை என்றால் சிகிச்சை பலிக்காது என்று பயப்படவும் வேண்டாம். ஜப்பானிய முறைகள் சிலவற்றில் தோலுக்குச் சற்றுக் கீழே மட்டும் போட்டு, ஆளுக்கு எதுவும் தெரியாமல் இருப்பதையே விரும்புவார்கள். தசை முடிச்சைத் தேடிக் குத்தும் 'டிரை நீடிலிங்' இதற்கு நேர் எதிர். என் தோள் முடிச்சில் அப்படி ஒருமுறை போட்டார்கள். தசை தானாக ஒரு துள்ளுத் துள்ளியது, தண்ணீரை விட்டு எடுத்த மீன் மாதிரி. ஒரு நொடி பிடிப்பு வந்தாற்போல இருந்தது, உடனே விட்டுவிட்டது. ஆனால் அடுத்த இரண்டு நாள் அந்த இடத்தில் அடிவாங்கின மாதிரி ஒரு நோவு. இரண்டில் எது செய்யப்போகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

1971இல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. வழக்கமான, உடம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்தில்தான். பிறகு வந்த வயிற்று உபாதைக்கு முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி போட்டார்கள். கைகால் முழுக்க வலி அலையலையாக ஓடியதென்றும், வயிற்றை மறக்கவாவது அது உதவியதென்றும் அவர் ஒளிக்காமல் எழுதினார். அந்தக் கட்டுரைதான் அமெரிக்காவில் பலருக்கு அக்குபஞ்சரை அறிமுகப்படுத்தியது. 'வலியே இருக்காது' என்று விளம்பரம் செய்கிறவர்களை விட எனக்கு இவரைப் பிடிக்கிறது.

எதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது

ஷாக் அடித்தது போல கையிலோ காலிலோ கோடாகத் தெறித்தால் ஊசி நரம்பைத் தொட்டிருக்கிறது. "நிறுத்துங்க" என்று உடனே சொல்ல வேண்டும். ஆழமாக எரிச்சல் நின்று எரிந்தாலும், விண்விண் என்று தெறித்துக் கூடிக்கொண்டே போனாலும் அப்படியே.

நெஞ்சு, மேல்முதுகு, தோள் உச்சி, கழுத்தடி இந்த இடங்களில் போட்டிருந்தால் இன்னொன்றும் ஞாபகம் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, காரணமில்லாமல் வறட்டு இருமல் வந்தாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஊசி நுரையீரல் உறையைத் தொட்டிருக்கலாம். மிக அரிது. ஜெர்மனியில் 2,29,230 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில் இப்படி ஆனது இரண்டு பேருக்கு. அதே ஆய்வில் ரத்தக் கசிவோ கன்றிப்போவதோ நூற்றுக்கு ஆறு பேருக்கு. வலியைப் பக்கவிளைவு என்று சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

ஊசியோடு படுத்திருக்கும் நேரம்

எல்லா ஊசியும் போட்டு முடிந்ததும் 20 முதல் 30 நிமிஷம் அப்படியே விட்டுவிடுவார்கள். ஐந்தாறு நிமிஷத்தில் ஊசி இருப்பதே மறந்துபோகும். உடம்பு படுக்கைக்குள் அமிழ்கிற மாதிரி கனக்கும். வயிறு கடமுடா என்று சத்தம் போடும். நிறையப் பேர் தூங்கிவிடுவார்கள், நானும் குறட்டை விட்டிருக்கிறேன்.

சோதனை என்னவென்றால் அப்போது பார்த்துத்தான் மூக்கு அரிக்கும். ஒருநாள் தலைமாட்டில் போன் அடித்தது. பழக்க தோஷம், முன்கையில் ஊசி இருப்பதை மறந்து கையைத் திருப்பிவிட்டேன். தசை ஊசியைக் கவ்விப் பிடித்துக்கொண்டு 'சுரீர்' என்று இழுத்தது பாருங்கள், அன்றைக்குப் பட்டதில் அதுதான் பெரிய வலி, அதுவும் நானே வரவழைத்தது. கையைப் பழைய நிலைக்கு மெல்லக் கொண்டு வந்து மூச்சை விட்டதும் அடங்கியது. அறையில் யாருமில்லை, கூப்பிடவும் மணி இல்லை. அதற்கப்புறம், ஆளை விட்டுவிட்டு வெளியே போவதானால் கைக்கெட்டும் இடத்தில் ஒரு மணி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுகிறேன்.

தசை இறுகிக்கொண்டு ஊசி வராமல் சிக்கினாலும் பதற வேண்டாம். சுற்றிலும் லேசாகத் தட்டிவிட்டோ, பக்கத்தில் இன்னொரு ஊசி போட்டோ தளர்த்துவார்கள். இழுக்காமல் காத்திருந்தாலே பாதி சரியாகும்.

மின்சாரம் இணைத்தும் போடுவதுண்டு. ஊசிகளில் கிளிப் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். நொடிக்கு இரண்டு துடிப்பு வைத்தால் டக் டக் என்று தசை தானாகத் துடிக்கும்; வேகத்தைக் கூட்டினால் ரீங்காரம் மாதிரி இருக்கும். நன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் முகம் சுளிக்கிற அளவுக்குப் போகக் கூடாது. எல்லையைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். மூலிகை நெருப்பு காட்டுவது, கிண்ணத்தைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்ச வைக்கும் கப்பிங் எல்லாம் தனிக்கதை; கேட்காமல் செய்ய வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

எடுத்த பிறகு

எடுப்பது ஒன்றுமேயில்லை. பிசின் ஒட்டிய நூலை உருவுகிற மாதிரி லேசான இழுப்பு, அவ்வளவுதான். சில இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் வரும். பஞ்சை வைத்து அழுத்தினால் நின்றுவிடும், தேய்க்க வேண்டாம். சட்டென்று எழுந்திருக்காமல் ஒரு பக்கமாகத் திரும்பி, உட்கார்ந்து, பிறகு எழுங்கள். தலை லேசாகவோ தூக்கமாகவோ இருந்தால் அது தெளிந்த பிறகு வண்டியை எடுங்கள். ஊசி போட்ட இடம் ஒரு நாள் நோகலாம், நீலமாகக் கன்றலாம். சில சமயம் பழைய வலியே அன்றிரவு கொஞ்சம் கூடி மறுநாள் குறையும். ஆனால் அந்த இடம் சிவந்து, சுட்டு, வீங்கிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள், அது ஊசிநோவு இல்லை.

பலன் உண்டா என்றும் கேட்பீர்கள். 39 ஆய்வுகளில் இருந்த 20,827 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வந்த அறிக்கை, முதுகு, கழுத்து, தோள், முழங்கால், தலைவலி போன்ற நாட்பட்ட வலிகளுக்கு அக்குபஞ்சர் இல்லாமல் இருப்பதை விட இது நல்ல நிவாரணம் தருகிறது என்கிறது. போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியது. அந்தப் போலி ஊசிகளில் ஒரு ரகம் நாடகக் கத்தி மாதிரி, தோலில் பட்டதும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டவர்களிலும் பலர் குத்தியது தெரிந்தது என்றே சொன்னார்கள். குத்தும் என்று எதிர்பார்த்தாலே குத்தியது போலத் தெரிகிறது. அதனால் பயந்துகொண்டு படுத்தால் ஊசி கூடுதலாகத்தான் குத்தும். என் தோள் பாதிக்கு மேல் தேவலை. ஆனால் அதே சமயத்தில் மெஷினுக்கு முன்னால் நாற்காலியையும் உயரமாக்கினேன், எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

கடைசியாக, ஊசியை எண்ணுங்கள். போடும்போது எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள், எடுத்தபிறகு தட்டில் அத்தனை இருக்கிறதா பாருங்கள். துணியில் குண்டூசி மறந்தால் வாடிக்கையாளர் என்னைச் சும்மா விடுவாரா? ஏழாவது தடவை நான் எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து தலை வாரும்போது உச்சியில் சீப்பு எதிலோ தட்டிற்று. ஒரு ஊசி அப்படியே நின்றுகொண்டிருந்தது. வலியா? சொன்னேனே, உச்சந்தலையில் ஒன்றுமே தெரியாது.